ஆறு அங்குலத்தில் ஒரு புத்தகம்

சங்கரநயினார் தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர். கடையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடத்தில் இரண்டு வருஷமாகச் சீடராக இருந்தார். மடத்தை நடத்தும் உமையம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். மறுநாள் நயினாருக்குத் தீட்சை தருவதாக ஏற்பாடு.

அன்று காலை நயினார் பையோடு வந்து நின்றார்.

"தீட்சை வேண்டாம்மா. வீட்டுக்குப் போறேன்."

"ஏன்?"

"நீங்க படிக்கச் சொன்ன புஸ்தகத்தை முடிச்சிட்டேன். முந்நூத்திப் பன்னிரண்டு பக்கம். துறவுன்னா பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறதுன்னு பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்கு. எதுக்கும் என்கிட்ட பதில் இல்லை."

இரண்டு வருஷம் வீணாய்ப் போனதே என்று அவருக்கு வருத்தம்.

"எதுல படிச்சீங்க?"

மின்நூல் கருவியை எடுத்து நீட்டினார். ஆறு அங்குலத் திரை. அதில் அந்தப் பழைய புத்தகத்தின் பிடிஎஃப்.

"எழுத்து பெருசா இருக்கே."

"முழுப் பக்கமும் வச்சா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா. அதான் பெருசாக்கி அப்படியே பூட்டி வச்சிட்டேன். தட்டினா அடுத்த பக்கம் வந்திரும்."

இதைச் சொல்லும்போது மட்டும் பழைய உத்தியோகப் பெருமை கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"அடுத்த பக்கத்துல எந்த இடம் வரும்?"

"அதே இடம்தான்."

உமையம்மை விரலால் பக்கத்தைச் சுருக்கி முழுசாகக் காட்டினார். பக்கத்தில் நெடுக்காக இரண்டு பத்திகள். இடப்பக்கத்துப் பத்திக்கு மேலே 'மறுப்பவர் கூற்று' என்று இருந்தது. வலப்பக்கத்துக்கு மேலே 'ஆசிரியர் விடை'.

நயினார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அடுத்த பக்கமும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். பதினோரு நாள் உட்கார்ந்து, எதிராளி பேசியதை மட்டும் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார் மனிதர்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப எல்லாத்துக்கும் பதில் இருக்கு! நல்லவேளைம்மா. நான் போகலை. நாளைக்குத் தீட்சை வாங்கிக்கிறேன்."

உமையம்மை கருவியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"போறேன்னு சொன்னப்ப பாதிப் புஸ்தகமாவது படிச்சிருந்தீங்க, நயினார். இருக்கேன்னு சொல்றது எதைப் படிச்சு?"