கூரி ஏறிய காவல் கிளை

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாகச் சொன்னால் வல்லூறு காதில் விழுந்துவிடும்.

ஒரு காட்டோரம் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று இருந்தது. எல்லோரும் தரையில் சருகைப் புரட்டிப் பூச்சி தின்பார்கள். ஒருத்தி மட்டும் இலுப்பை மரத்துக் கிளையில் உட்கார்ந்து காவல் பார்ப்பாள். கொஞ்ச நேரத்தில் அவள் இறங்குவாள், இன்னொருத்தி ஏறுவாள்.

கூட்டத்துக்குப் பெரியவன் குட்டைவாலன். அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

"நம்ம கூரிக்குத்தான் கண்ணு கூர்மை. இனி பொழுதன்னைக்கும் அவளே பார்க்கட்டும். மத்தவங்க நிம்மதியா மேயலாம்."

கூரிக்குப் பெருமை தாங்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள். தீனிகூட கிளைக்கே வந்தது. இறங்கத்தான் யாரும் விடவில்லை.

கீழே காரை முட்புதரில் தவிடி என்ற தாய்க்குருவியின் கூடு இருந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள், இறகு முளைக்காதவை. தவிடியால் நிம்மதியாக மேய முடியவில்லை. ஒரு பூச்சி கொத்துவாள், மேலே பார்ப்பாள். கூரியின் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் தலை அசையவே இல்லை.

ஒரு மத்தியானம் வல்லூறு கூட்டின்மேல் பாய்ந்தது. முள் குறுக்கே நின்றதால், அதன் நகத்தில் சிக்கியது ஒரு சுள்ளி மட்டும்தான்.

"பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்," என்று கூரி அழுதாள். "எப்படி வந்துச்சுன்னே தெரியலையே."

"எல்லாம் அசட்டை," என்றான் குட்டைவாலன். "நாளையிலிருந்து விடியுமுன்னே ஏறு. இருட்டின பிறகு இறங்கு."

தவிடி குறுக்கே வந்தாள். "பெரியப்பா, நேரத்தைக் கூட்டினா பார்வை கூடுமா? அவளைத் தூங்க விடுங்க."

"சும்மா உட்கார்ந்திருக்கிறதெல்லாம் ஒரு வேலையா?"

"அப்ப நாளைக்கு நீங்களே உட்காருங்க. அவ பார்த்துக் கத்துக்கட்டும்."

கூட்டமே கேட்டுக்கொண்டிருந்தது. குட்டைவாலனால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் அவன் ஏறினான். தவிடி அவனை நம்பிக் குஞ்சுகளை விடுவாளா? அவனுக்குத் தெரியாமல் பின்கிளையில் இலை மறைவில் உட்கார்ந்துகொண்டாள். உச்சிப்பொழுதில் இறங்கி, காலையெல்லாம் தூங்கிக் கிடந்த கூரியை எழுப்பி, தன் இடத்தில் உட்கார வைத்தாள்.

வெயில் ஏறியது. குட்டைவாலனின் கண் திறந்திருந்தது. தலை அசையவில்லை.

வல்லூறு பனையிலிருந்து தாழப் பறந்து வந்தது. குட்டைவாலன் அதை நேராகத்தான் பார்த்தான். பார்த்தது புத்திக்கு எட்டவில்லை.

கீச்சென்று ஒரு அலறல். மொத்தக் கூட்டமும் புதருக்குள் பாய்ந்தது. தவிடி குஞ்சுகள்மேல் கவிழ்ந்துகொண்டாள். வல்லூறு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

"இப்பக் கத்தினது நானா?" என்று கேட்டான் குட்டைவாலன்.

"இல்ல பெரியப்பா. தூங்கி எழுந்த கூரி."

அவன் கிளையிலிருந்து இறங்கி வந்தான். பிறகு, "கண்ணு திறந்துதானேம்மா இருந்துச்சு," என்றான்.

"அன்னைக்கு அவளுக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

அதோடு பழைய முறை திரும்பி வந்தது. இலுப்பை நிழல் நகர நகர ஆள் மாறியது. குட்டைவாலனும் தன் முறைக்கு ஏறினான். அன்று சாயங்காலம் தவிடி தன் முறை முடிந்து இறங்கி வந்தாள். குஞ்சுகளைச் சிறகால் மூடி, களைத்த கண் நாளெல்லாம் திறந்திருந்தாலும் காவலாகாது, ஓய்வெடுத்த கண்தான் காவல் என்று அவற்றின் காதில் சொல்லிவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.