பாதி வாள்

சீன எல்லைக் கோட்டையின் தளபதி லியாங் ஷூவுக்குத் தன் வாளைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. நேரான வாள், இரண்டு பக்கமும் கூர். புல்வெளி நாடோடிகளிடமிருந்து பிடித்து வந்த கொல்லன் தொகாய் அடித்த வாளோ லேசாக வளைந்திருந்தது. ஒரு பக்கம்தான் கூர்.

"இது பாதி வாள்," என்றார் தளபதி. "இதுதான் உசத்தின்னு நிரூபிச்சா நீ ஊருக்குப் போகலாம். இல்லைன்னா ஆயுசுக்கும் இங்கே மண் சுமக்கணும். ஆனா எந்த வாளையும் நீ தொடக் கூடாது."

"நான் எதுக்குத் தொடணும் ஐயா? எங்க ஆளுங்க உருவின வாளைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டுத்தான் குதிரையை விரட்டுவாங்க. நீங்க உங்க வாளோட அப்படி ஒரு சுற்று வாங்க, போதும்."

இதென்ன பெரிய வித்தை என்று தளபதி குதிரையைத் தட்டிவிட்டார். அது நாலு எட்டு பாய்வதற்குள் தோளில் சாய்ந்த வாள் அங்கியைக் கிழித்தது, பாதித் தாடி கொத்தாக விழுந்தது. வீரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தொகாய் பணிவாகக் கேட்டான். "ஒரு பக்கம் எதிரிக்கு, சரி. இன்னொரு பக்கம் யாருக்குங்க ஐயா?"

தளபதி மிச்சத் தாடியைத் தடவிப் பார்த்தார். "குதிரை தர்றேன், கிளம்பு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் பாதி வாளை மட்டும் வச்சுட்டுப் போ," என்றார்.