குண்டுமணியின் குட்டிச் சறுக்கு

மூங்கில் காட்டில் பொன்னாண்டி என்ற கரடியும் அவன் மனைவி மருதாயியும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரே குட்டி, குண்டுமணி.

முதல் மழை விழுந்ததும் பெரிய அருவி களைகட்டியது. அங்கே சறுக்கு விளையாட்டு நடத்தியவர் நீர்நாய் நாகப்பன். உயரச் சறுக்கு, வளைந்து வளைந்து போகும் சறுக்கு என்று அமர்க்களப்படுத்தியிருந்தார். குட்டிகளுக்குத் தனியாக ஒரு சறுக்கு. அதன் வாசலில் வளைந்த வேர் ஒன்று. அதற்கடியில் குனியாமல் நுழைகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

"அம்மா, குட்டிச் சறுக்குல ஒரே ஒரு தடவை போகணும்மா!" என்று குண்டுமணி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டான்.

"நாளைக்கே போவோம்டா கண்ணு!" என்றாள் மருதாயி.

"என் தங்கச்சியை விட்டுட்டா? காலம் பூரா சொல்லிக் காட்டுவா!" என்றான் பொன்னாண்டி.

தங்கச்சிக்கோ ஜலதோஷம். "என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க!" என்று மூக்கை உறிஞ்சினாள். அவளுக்குச் சரியாவதற்குள் மருதாயியின் அண்ணன் தேனெடுக்க மலையேறிவிட்டான்.

"அவர் வரட்டும்! உங்க தங்கச்சிக்குக் காத்திருந்தோம்ல, எங்க அண்ணன் மட்டும் இளக்காரமா?" என்று மருதாயி சீறினாள்.

அண்ணனும் வந்தான். கிளம்பிக் குகை வாசலுக்கு வந்தால், பல்லி கத்தியது. "சகுனம் சரியில்ல!" என்று எல்லாரும் திரும்பினார்கள். பிறகு, "வெறுங்கையோடவா போறது? பலா பழுக்கட்டும்!" என்றாள் தங்கச்சி. சொல்கிற எனக்கே வாய் வலிக்கிறது!

பயணம் தள்ளிப்போகும்போதெல்லாம் குண்டுமணி அழுதான். அழாதே என்று ஆளுக்கொரு தேனடையை அவன் வாயில் திணித்தார்கள். அவனும் தின்றான்.

ஒருவழியாகப் பலா பழுத்தது. பழத்தைச் சுமந்துகொண்டு எல்லாரும் அருவிக்கு வந்தார்கள். குண்டுமணி குட்டிச் சறுக்குக்குத் தலைதெறிக்க ஓடினான்.

ணங்! வேர் நெற்றியில் இடித்தது.

வயிற்றை எக்கினான். முழங்காலை மடக்கினான்.

"நேரா நில்லுப்பா," என்றார் நாகப்பன். "ஐயோ, வளர்ந்துட்டியே! மழை ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா தாராளமா நுழைஞ்சிருப்பே."

"அப்போ உயரச் சறுக்கு?"

"அதுக்கு இன்னும் வளரணும். அடுத்த மழைக்கு வா."

அதற்குள் அத்தையும் மாமாவும் உயரச் சறுக்கில் ஏறி 'ஓ'வென்று கூவிக்கொண்டு வழுக்கினார்கள். "குண்டுமணி, சும்மாதானே நிக்கிறே? பலாவைக் குரங்கு தூக்கிடாம பார்த்துக்கோ!" என்று அத்தை கத்தினாள்.

குண்டுமணி பலாப்பழத்தின் பக்கத்தில் போய், அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

பொன்னாண்டி தலையைச் சொறிந்தான். "விடு மருதாயி. அடுத்த மழைக்கு வந்துடலாம். இப்பவே எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டு வெச்சிட்டா..."

"வாயை மூடுங்க!" என்று மருதாயி அலறினாள். "எல்லாரையும் கேட்டோம், பல்லியைக்கூடக் கேட்டோம்! ஆசைப்பட்டவன் இவன் ஒருத்தன். இவனைக் கேட்டோமா? நானும்தானே சேர்ந்து கெடுத்தேன்!"

எல்லாருக்கும் தோதான நாளைத் தேடிக்கொண்டே இருந்தால், யாருக்காகக் கிளம்பினோமோ அவருடைய நாள் கைவிட்டுப் போய்விடும்.