தண்ணீர் வராத கரடு

ஊரை ஒட்டிய பாறைக் குன்றான கரட்டை உடைத்துக் கல் எடுக்க அனுமதி கேட்டிருந்தார் குவாரி முதலாளி. கரடு போனால் கண்மாய்க்குத் தண்ணீர் வராது என்று, ஆடு மேய்க்கிற ஒச்சம்மா பார்வையிட வந்த அதிகாரியை மறித்தாள்.

“நீர்ப்பிடிப்பு, வடிநிலம், நீர்வரத்துப் பகுதி, எந்தப் பெயரும் பதிவேட்டில் இல்லை. தரிசு என்றுதான் இருக்கிறது. தண்ணீர் வருமென்றால் இப்பவே காட்டு தாயி” என்றார் அவர். சித்திரை வெயிலில் கூட நின்ற முதலாளி சிரித்தார்.

“அந்தப் பேரெல்லாம் எனக்குத் தெரியாது சாமி. தண்ணி வராத இடம்னா, கரட்டு ஓரமா முதலாளி போட்ட லாரிப் பாதைக்கு அடியில நாலு சிமெண்டுக் குழாய் எதுக்குப் பதிச்சிருக்காரு?”

சிரிப்பு நின்றது. அதிகாரி குனிந்து குழாய்களைப் பார்த்தார். நாளை வந்து எழுதிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

மறுநாள் குழாய் ஒன்றுகூட இல்லை. அதிகாரி தரிசு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“குழாயப் பிடுங்கியாச்சு. இது தரிசுன்னு மழைகிட்ட யாரு சாமி போய்ச் சொல்லுவா?” என்றாள் ஒச்சம்மா.