நரி போட்ட வைஸ் வெர்சா

கோடையில் காட்டுக் குளங்கள் எல்லாம் வற்றிவிட்டன. ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர். அதற்குப் பன்றி காவல். அங்கே யாரும் யாரையும் கடிக்கக் கூடாது.

முயல்களோடு சேர்ந்து குடிப்பது நரிக்கு அவமானமாக இருந்தது. அது பள்ளிக்கூடத்துப் பக்கம் எச்சில் சோறு பொறுக்கப் போகிற நரி. வாத்தியார் ஒருநாள் "வைஸ் வெர்சா" என்று சொன்னதை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருந்தது. அது லத்தீன் என்று அவர் சொன்னதும் காதில் விழுந்தது. அர்த்தம் தெரியாது. கதவை அறைந்து சாத்துகிற மாதிரி சத்தம். 'இனிப் பேச்சே கிடையாது' என்றுதான் இருக்கும் என்று தானே முடிவு கட்டிவிட்டது.

மறுநாள் பாறைமேல் ஏறியது.

"எல்லாரும் கேளுங்க! குட்டைக்கு நான் வந்தா முயல்கள் எழுந்து போயிடணும். வைஸ் வெர்சா!"

"அப்படின்னா என்ன அண்ணே?" என்றது முயல் வெள்ளச்சி.

"லத்தீன்! இங்கிலீஷ்காரனே கடன் வாங்கின பாஷை. உன் மண்டைக்கு ஏறாது. பன்றி மாமா, மீறினவனை முட்டித் தள்ளுங்க!"

"சொன்னது சொன்னபடி நடக்கும்" என்றது பன்றி.

உடனே முயல்கள் எழுந்து போயின. நரி மீசையை முறுக்கிக்கொண்டு இறங்கியது. வாய் தண்ணீரில் படவில்லை, அதற்குள் மரத்து மைனாவிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு வெள்ளச்சி திரும்பி வந்தது.

"நான் வந்துட்டேன். எழுந்து போங்க அண்ணே!"

"என்னடி திமிரு!"

மைனா விழுந்து விழுந்து சிரித்தது. அதன் கூடு பள்ளிக்கூடத்து ஓட்டில்தான். "அட மக்கு! அப்படியே திருப்பிப் போட்டாலும் செல்லும்னு அதுக்கு அர்த்தம். நீ வந்தா அவங்க போகணும். அவங்க வந்தா நீ போகணும்!"

பன்றி முட்டியது. நரி புதரில் போய் விழுந்தது.

எழுந்து வந்தது. வெள்ளச்சி மரியாதையாக விலகியது. ஆனால் அதன் தங்கை வந்தது. மறுபடி முட்டு. தங்கை போனால் சித்தி. சித்தி போனால் சித்தி பிள்ளைகள். முயல் குடும்பத்தில் ஆளுக்கா பஞ்சம்?

சாயங்காலம் நரிக்கு நாக்கு தொங்கிவிட்டது. "கட்டளையை வாபஸ் வாங்கிக்கறேன் மாமா!"

"அதையும் லத்தீன்ல சொல்லு!"

"எனக்கு லத்தீன் தெரியாது மாமா! தண்ணி!"

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே" என்று பன்றி வழிவிட்டது. நரி முயல்களுக்கு நடுவே நின்று வயிறு முட்டக் குடித்தது.

பொருள் தெரியாத சொல்லை அடுத்தவன் மேல் எறிந்தால், அது எறிந்தவன் மேலேயே வந்து விழும்.