முதல் கூடை எரு

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை உதயசிம்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான், இரண்டும் ஆணைதான். அவன் அரண்மனை வாசலில் ஒரு காணி பரப்புக்கு அறுகம்புல் தரை இருந்தது. அதைப் பராமரித்தவள் பொம்மக்காள்.

பௌர்ணமிக்குப் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வருவதாக ஓலை வந்தது. பதினைந்தே நாள்தான் பாக்கி. புல்லோ சற்று வெளுத்திருந்தது. உடனே பொம்மக்காளைச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"விருந்தாளி வரும்போது புல் பச்சைப்பசேலென்று இருக்க வேண்டும். இல்லையென்றால் உன் தலை இருக்காது. எவ்வளவு எரு வேண்டும், சொல்!"

"மக்குன எரு பத்துக் கூடை போதும் மகாராஜா. தண்ணி மட்டும் தாராளமா விட்டா..."

"பத்தா!" என்று குறுக்கே பாய்ந்தார் நரசப்பர். தோட்டங்களுக்கெல்லாம் அதிகாரி அவர். பொம்மக்காளைத் துரத்திவிட்டுத் தன் மச்சானை அந்த வேலையில் உட்காரவைக்க ஒரு வருஷமாகச் சமயம் பார்த்துக்கொண்டிருந்த புண்ணியவான். "குடியானவன் வயலுக்கே காணிக்கு நூறு கூடை கொட்டுகிறான். மகாராஜாவின் பாதம் படுகிற புல்லுக்குப் பத்தா? ஐந்நூறு கூடை! அதுவும் பச்சைக் கோழி எரு!"

அந்தக் கணக்கு ராஜாவுக்கு இனித்தது. "ஐந்நூறே போடு. மறுத்தால் இப்போதே தலை போகும்."

பொம்மக்காளுக்குத் தெரியும்: மக்காத பச்சைக் கோழி எரு சூடு. ஐந்நூறு கூடை கொட்டினால் நாலே நாளில் புல் கருகிப்போகும். போட்டாலும் சாவு, போடாவிட்டாலும் சாவு. வாள்காரன் வேறு ஓரடி நெருங்கி நின்றான். அந்த நேரத்தில் நரசப்பர் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்ததைப் பார்த்தாள். ஊரே மெச்ச வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவர். இவருக்கா எருவின் சூடு தெரியாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்படியே போடறேன் மகாராஜா. ஆனா நம்ம நாட்டு வழக்கம் ஒண்ணு இருக்கே. அடுத்தவர் நிலத்துக்கு அளவு சொன்னவர், முதல் கூடையைத் தன் நிலத்துல அதே அளவுக்குப் போட்டுக் காட்டணும். அய்யா கொடிக்கால்ல ஒரு பாத்திக்குப் போட்டா போதும்."

"வழக்கம் வழக்கம்தான்" என்றான் ராஜா. "வண்டி பூட்டுங்கள்!"

நரசப்பரின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. "எதற்கு மகாராஜா வீண் சிரமம்... வண்டிப் பாதை சரியில்லை... இன்றைக்கு நாளும் நன்றாயில்லை..."

"என் புல்லுக்கு நல்ல நாள், உம் கொடிக்கு ஆகாதா?"

வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நரசப்பர் தாங்கமாட்டாமல் கத்தியேவிட்டார்: "ஐயோ, நிறுத்துங்கள்! வேர் வெந்துபோகும்!"



"உம் கொடியின் வேர் வேகும், என் புல்லின் வேர் வேகாதோ?" ராஜா அரியணையை விட்டு எழுந்தான். பிறகு பொம்மக்காள் பக்கம் திரும்பினான். "வயலுக்கு நூறு, இதற்கு மட்டும் எப்படிப் பத்து?"

"வயல்ல விளைஞ்ச நெல்லும் வைக்கோலும் களத்துக்குப் போயிடுது. போனதை எருவாத் திருப்பணும். இங்கே வெட்டுற புல்லு மட்டுந்தானே குதிரை லாயத்துக்குப் போகுது மகாராஜா? எடுத்தது கொஞ்சம், கொடுக்கிறதும் கொஞ்சம்."

"சரி, பத்தே போடு. நரசப்பர் தலையில் சுமக்கட்டும். பௌர்ணமியன்று புல் வெளுத்திருந்தால் இரண்டு தலையும் போகும்."

அந்தப் பதினைந்து நாளும் பொம்மக்காளுக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் புல்லை ஓடிப்போய்த் தடவிப் பார்ப்பாள். பௌர்ணமியும் வந்தது. விருந்தாளி ராஜா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பச்சையில் நடந்தான். அன்றே நரசப்பரின் பதவி பொம்மக்காளுக்கு வந்தது. நரசப்பருக்குக் கூடை நிலைத்தது.

அடுத்த முறை எரு போடும்போது பத்தாவது கூடையை இறக்கிவைத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே நரசப்பர் கேட்டார்: "இன்னொரு கூடை கொண்டுவரட்டுமா அம்மா?"

பொம்மக்காள் சொன்னாள்: "உங்க கொடிக்காலா இருந்தா எப்ப நிறுத்துவீங்களோ, அப்ப நிறுத்துங்க அய்யா."