மணப்பெண்ணின் முக்காட்டுக்கு மேலே

கழுதை தன் குறையைத் தானே வாய்விட்டுச் சொல்லி, நாரை கூரைமேல் இருந்து யோசனை சொன்ன அந்தக் காலத்தில், மாசிடோனியா நாட்டு ஏரிக்கரை ஊர் ஒன்றில், கல்யாண ஊர்வலம் ஒன்று சந்துக்குள் சிக்கி நின்றது. அன்று அங்கே இருந்தவர்கள்: மணப்பெண் பிசேரா, அவளைச் சுமந்து வந்த கழுதை சிவ்கோ, அவள் அப்பா மித்ரே, மேளக்காரர் இருவர், தலையில் ரொட்டித் தட்டு ஏந்திய பெண்கள் நால்வர், பாதிரியார் ஒருவர், மாப்பிள்ளை நௌமே, அவன் தாய் திரேனா, எதிர்வீட்டு ஸ்பாசே, புகைபோக்கியின் மேல் ஒரு நாரை. ஆகப் பதினான்கு உயிர். பூனைகளைச் சேர்க்கவில்லை, அவை ஓரிடத்தில் நிற்காமல் போய் வந்துகொண்டிருந்தன.

இத்தனை பேரிலும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நின்றவள் திரேனாதான். ஏனென்றால் சிக்கலுக்குக் காரணமே அவள் சுவர்.

அந்த ஊர் செங்குத்தான சரிவில் இருந்தது. கீழே ஏரி, மேலே பாறை. வீட்டைப் பெரிதாக்க நினைப்பவர் சந்துப் பக்கம்தான் சுவரைத் தள்ள வேண்டும். சந்தோ கழுதைகளின் பாதை. ஏரி மீனும் காட்டு விறகும் அவற்றின் முதுகில்தான் ஊருக்குள் ஏறி வந்தன.

திரேனா பெண் கேட்டுப் போனபோது மித்ரே ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "தனி அறை இருக்கும் வீட்டுக்குத்தான் என் மகள் வருவாள். அடுப்புக்கும் ஆட்டுக்கும் நடுவில் பாய் விரிக்கும் வீட்டுக்கு வரமாட்டாள்."

திரேனாவின் வீட்டில் அடுப்பு இருந்தது, ஆடு இருந்தது, நடுவில் பாய்தான் இருந்தது. ஊர் திரும்பியதும் சுவரைச் சந்துக்குள் இரண்டு சாண் தள்ளிக் கட்டினாள். அதைப் பார்த்த ஸ்பாசேயும் தன் சுவரை இரண்டு சாண் தள்ளினார்.

"ஊர்ச் சந்து என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா, ஸ்பாசே அண்ணா?" என்று கேட்டாள் திரேனா.

"உன் பக்கம் உங்க அப்பனுடையது என்றால், என் பக்கம் எங்க அப்பனுடையது, தங்கச்சி."

கோபத்தில் அவள் இன்னும் ஒரு சாண் தள்ளினாள். அறை தயாரானது. அந்த வழியாக வந்த சிவ்கோ, "அம்மா, இரண்டு பக்கமும் என் விலா உரசுகிறது" என்று மரியாதையாகத்தான் சொன்னது.

"கொஞ்சம் வயிற்றைக் குறைத்துக்கொள்" என்றாள் திரேனா, சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டே.

கல்யாணத்தன்று அதே சிவ்கோ, முதுகில் பிசேராவும் இரு பக்கமும் சீர்ப் பெட்டிகளுமாக வந்து, வாசல் கைக்கு எட்டும் தூரத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு பெட்டி திரேனாவின் சுவரில், மற்றது ஸ்பாசேயின் சுவரில். முன்னாலும் அசையவில்லை, பின்னாலும் அசையவில்லை.

இறங்கி நடக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அந்த ஊர் வழக்கம் அப்படி இல்லை. மாமியார் வீட்டு வாசற்படியை மிதிக்கும் முன் மணப்பெண்ணின் கால் தெருவில் படக்கூடாது. சீர்ப் பெட்டியைத் தெருவில் இறக்கினால் பெண்ணைத் திருப்பி அனுப்பியதாக அர்த்தம்.

"சுவரை இடித்துவிட்டால் போகிறது" என்றார் பாதிரியார்.

"இடியுங்களேன்! அறை போன மறுநிமிஷம் என் மகளோடு நான் கிளம்பிவிடுவேன்" என்றார் மித்ரே.

"எப்படிக் கிளம்புவீர்கள், சம்பந்தி? கழுதைதான் பின்னாலும் நகராதே" என்றார் ஸ்பாசே. பெண்கள் ரொட்டித் தட்டு குலுங்கச் சிரித்தார்கள். திரேனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அறை நின்றால் பெண் உள்ளே வர வழியில்லை. அறை விழுந்தால் பெண்ணே இல்லை.

அப்போது பிசேரா கழுதைமேல் இருந்தபடியே இரண்டு கைகளையும் நீட்டிச் சோம்பல் முறித்தாள். முழங்கை இரண்டும் சுவரில் இடித்தன. "சிவ்கோ, உனக்கு வழி எவ்வளவு உயரம் வரை வேண்டும்?" என்று கேட்டாள்.

"உன் முக்காட்டு உச்சி வரை. அதற்கு மேல் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பறக்கிற கழுதையை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?"

"அப்படியானால் அறையை அதற்கு மேலே வைத்துக்கொள்ளலாமே!"

"அந்தரத்திலா?" என்று கத்தினார் மித்ரே.

புகைபோக்கி மேலிருந்து நாரை அலகைத் தட்டியது. "ஏன், நான் குடியிருக்கவில்லையா? கீழே நிற்க இடம் ஒரு சாண். மேலே கூடு எவ்வளவு பெரிது என்று பார். குச்சிகளை வெளியே நீட்டி அடுக்கினேன். நாலு குஞ்சு பொரித்தாயிற்று, ஒன்றும் விழவில்லை."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மித்ரே நெடுநேரம் பார்த்தார். "சரி, அது எழும்பும் வரை என் மகள் எங்கே படுப்பாள்?"

"வீடு முழுக்க அவளுக்குத்தான். நானும் அம்மாவும் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய் ஏரியில் நிற்கும் எங்கள் படகில் படுத்துக்கொள்கிறோம்" என்றான் நௌமே. அன்று முழுவதும் அவன் பேசியது அவ்வளவுதான். மித்ரேயின் முகம் இளகியது.

திரேனா கடப்பாரையை எடுத்தாள். தன் கையால் சுண்ணாம்பு பூசிய சுவரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"மேலே எனக்கும் இடம் உண்டா?" என்று கேட்டார் ஸ்பாசே.

"உண்டு" என்றது சிவ்கோ. "முக்காட்டுக்கு மேலே யார் என்ன செய்தாலும் நான் கேட்கமாட்டேன்."

ஸ்பாசேயும் கடப்பாரையோடு வந்தார். சூரியன் ஏரியில் இறங்குமுன் பிசேரா வாசற்படி ஏறிவிட்டாள்.

திரேனா வீட்டின் மேல் உத்தரங்களைச் சந்துக்கு மேலே நீட்டி, பழையதைவிடப் பெரிய அறையாகக் கட்டினாள். ஸ்பாசே விடுவாரா? அவரும் நீட்டினார். அவள் இன்னும் கொஞ்சம் நீட்டினாள், அவரும் நீட்டினார். ஒரு நாள் இரண்டு உத்தரங்களும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டன.

"அண்ணா, துணி காய வெயில் வேண்டும்" என்றாள் திரேனா, தன் ஜன்னலில் நின்று.

"எனக்கும் துணி இருக்கிறது, தங்கச்சி" என்றார் அவர், தன் ஜன்னலில் நின்று. இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் அறுத்துக் குறைத்தார்கள். ஊரார் அதைப் பார்த்துத் தங்கள் வீடுகளையும் அப்படியே கட்டினார்கள்.

அன்று முதல்தான் அந்த ஏரிக்கரை ஊரில் வீடுகள் காலடியில் ஒடுங்கி, தோளில் அகன்று நிற்கின்றன. கீழே சந்து கழுதைக்கு, மேலே அறை மனிதருக்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவே மிச்சமான வானம், ஒரு முழமும் நான்கு விரலும்.